சுமை தோளுக்கு, பிடி கைக்கு



கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியுள்ள கடிதமே இம்மாதம் நம் பத்திக்குப் பொருளாகிறது. அவருடைய மகனுக்கு வயது 22. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுத் தந்தையோடு காரட், உருளைக்கிழங்குத் தோட்டத்தில் உழைக்கிறார். வாரத்தில் மூன்று நாள் மாலையில் நகரத்து உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சென்று, இரும்புத் தண்டைத் தோளின்மேல் ஏற்றிக்கொண்டு குந்தி எழும் பயிற்சி செய்து வருகிறாராம். மூன்று மாதமாக வலது முழங்கையின் உட்புறத்தில் வலி. மண்வெட்டியை இறுகப் பிடிக்க இயலவில்லை, அறுவடையோ நெருங்குகிறது. "இனி இரும்பைத் தொடாதே" என்கிறார் தகப்பனார். மகனோ மாவட்ட வலுதூக்கும் போட்டிக்குப் பெயர் கொடுக்க எண்ணியிருக்கிறார். இதனால் தந்தையும் மகனும் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது என வருந்தும் அத்தாய், இறுதியில் ஒரு கேள்வி கேட்கிறார்: "காலுக்குச் செய்யும் பயிற்சியில் கை ஏன் வலிக்க வேண்டும்?"

மிகச் சரியான கேள்வி. இக்கேள்விக்கு விடை கண்டுவிட்டால் வலிக்கு மருந்தும் பாதி கண்டதாகும்.

குந்தி எழுதல் நமக்குப் புதியதன்று. உக்கி என்றும், பஸ்கி என்றும் நம் முன்னோர் அதனைச் செய்து வந்தனர். தென் மாவட்டங்களின் ஊர் மந்தைகளில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தூக்கிய வாலிபன், முதலில் குந்தித்தான் அதனைத் தழுவினான். தொடையில் ஏற்றி, மார்பில் அணைத்து, தோளுக்குக் கொண்டுவந்தான். இன்று கல்லின் இடத்தை இரும்புத் தண்டு பிடித்துள்ளது; அவ்வளவே வேறுபாடு. 1978ஆம் ஆண்டு எட்மன்டன் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 52 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வென்ற ஏகாம்பரம் கருணாகரனும், 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கமும் இரும்பைத் தூக்கிப் புகழ் பெற்றவர்களே. பளுதூக்கும் போட்டியில் குந்தி எழுதல் தனிப் பிரிவாக இல்லை; ஆயினும் அப்பயிற்சியின்றிப் பளுதூக்கும் வீரர் எவரும் உருவாவதில்லை. வலுதூக்கும் போட்டியிலோ அதுவே முதற் பிரிவு. ஆகவே மகன் கைக்கொண்டது வீண் வேலையன்று என்பதைத் தகப்பனார் முதலில் உணர்வது நலம்.

இனி வலிக்கு வருவோம். பழனி மலைப் பகுதியில் வாழ்வோர்க்குச் சுமை தூக்கும் கலையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் மலைச்சாலையில் மோட்டார் வண்டிகள் வரத் தொடங்குமுன், கொடைக்கானலுக்கு ஏறியவை யாவும் மனிதர் தோளிலும் தலையிலும், பொதிமாடு, குதிரை முதுகிலுமே ஏறின. 1875இல் இருப்புப்பாதை வந்த பின்னர் அம்மையநாயக்கனூரில் இறங்கிய பயணிகள், மாட்டு வண்டியில் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து நடந்தோ, குதிரையேறியோ, டோலியில் அமர்ந்தோ மலையேறினர். டோலி தூக்கியோர் மூங்கிலைத் தோளில் தாங்கி, தோள் மாற்றி, ஆள் மாற்றி, அச்செங்குத்தான பாதையில் நடந்தனர். சாலையற்றிருந்த வெள்ளகவி போன்ற ஊர்களில் இந்தச் சுமைத்தொழில் வெகுகாலம் நீடித்தது. (அந்தச் சுமைகாரர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் தோளில் ஏறி வந்தவர்களின் பெயர்களோ தெருவுக்குத் தெரு உண்டு.)

மலையின் வடக்கு அடிவாரத்தில், பழனிக்குக் காவடி எடுத்து வருவோரையும் நாம் பார்த்திருக்கிறோம். தைப்பூசக் காலத்தில் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி பல நாள் நடந்து வருகிறது. நம் பங்குத் திருவிழாக்களில் சப்பரம் தூக்கும் இளைஞர்களையும் நோக்குங்கள். டோலியாயினும், காவடியாயினும், சப்பரமாயினும் ஒன்று பொது: சுமையைத் தாங்குவது தோள், கையோ தண்டு நழுவாமல் அணைத்துக்கொள்வதற்கு மட்டுமே. கையால் தாங்கிக்கொண்டு பழனிவரை நடக்க எவராலும் இயலாது.

இரும்புத் தண்டுக்கும் இதுவே விதி. ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தில் இளைஞர் பலர் இந்த விதியை அறியாமலே மீறுகின்றனர். தண்டு முதுகில் சரியாக அமராதபோது அது மெல்லக் கீழ்நோக்கிச் சரியும். சரியும் பாரத்தைக் கை தடுத்து நிறுத்தும். மணிக்கட்டு பின்னோக்கி மடியும். முதுகில் 80 கிலோ இருந்தால் அதில் ஒரு சிறு பங்கு கைக்கு வந்தாலும் போதும். ஒவ்வொரு முறை குந்தி எழும்போதும் முழங்கை அதனைச் சுமக்கிறது. முழங்கையின் உட்புறத்தில் ஓர் எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் தசைகளிற் பல ஒரே தசைநாணாகக் கூடி அங்கேதான் வேரூன்றியுள்ளன. மணிக்கட்டு பின்னுக்கு மடிந்த நிலையில் விரல்கள் தண்டை இறுகப் பற்றினால், அந்த வேர் இருபுறமும் இழுபடுகிறது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. வாரங்கள் செல்லச் செல்ல அந்த நாண் நைந்து வலிக்கத் தொடங்கும். இதில் ஒரு சூதும் உண்டு: குந்தி எழும்போது வலி தோன்றாமல், பின்னர் மண்வெட்டி பிடிக்கும்போதோ, கம்பியில் தொங்கி மேலேறும்போதோ தோன்றும். அதனால் குற்றவாளி யாரென்பது எளிதில் புலப்படுவதில்லை.

தலைச்சுமை எடுக்கும் நம் பெண்கள் சுமைக்கு அடியில் சும்மாடு வைப்பதை அறிவீர்கள். இரும்புத் தண்டுக்கும் சும்மாடு வேண்டும். அதைத் துணியால் அன்று, தன் சதையாலேயே செய்துகொள்ள வேண்டும். இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்னோக்கி நெருக்கிக் கூட்டுங்கள். கழுத்தின் அடியிலிருந்து தோள்வரை பரந்துள்ள தசை புடைத்து ஒரு மேடையாக எழும். தலையைக் குனிந்தால் கழுத்தின் பின்னடியில் ஓர் எலும்பு துருத்தி நிற்கும் அல்லவா? அந்த எலும்பின்மேல் தண்டு ஒருபோதும் படக்கூடாது. அதற்குக் கீழே, புடைத்த தசைமேட்டின்மீது அது அமர வேண்டும். சரியாக அமர்ந்தால், விரல்களை ஒரு நொடி தளர்த்தினாலும் தண்டு அசையாதிருப்பதை உணரலாம். பாரமேற்றாத வெறுந்தண்டைக் கொண்டே இச்சோதனையைச் செய்து பார்க்க வேண்டும்.

தண்டை வைக்கும் இடம் இரண்டு. ஒன்று, இப்போது சொன்ன மேல்நிலை. மற்றொன்று, அதற்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, தோளின் பின்புறத் தசைகளின் மேல். வலுதூக்கும் போட்டியாளர் பலர் கீழ்நிலையையே விரும்புகின்றனர்; அதில் கூடுதல் எடை தூக்க முடிகிறது என்பது அவர்கள் அனுபவம். ஆனால் அந்நிலையில் தண்டைப் பிடிக்கக் கையை வெகுவாகப் பின்னுக்குத் திருப்ப வேண்டும். தோள்மூட்டு இறுகியவர்க்கு அது வாய்க்காது. தோளுக்கு வாராத திருப்பத்தை மணிக்கட்டும் முழங்கையும் ஈடுசெய்யப் பார்க்கும். நாள்தோறும் குனிந்து களை பறிப்போர்க்கும், புத்தகத்தின்மேலும் கைப்பேசியின்மேலும் கவிழ்ந்து கிடப்போர்க்கும் தோள் முன்னோக்கி இறுகியிருப்பது இயல்பு. கடிதத்தில் கண்ட இளைஞர் எந்த நிலையில் தண்டை வைக்கிறார் என்பதைத் தாய் எழுதவில்லை. கீழ்நிலையாக இருக்குமென்றே என் ஊகம். வலி தீரும்வரை மேல்நிலைக்கு மாறுவது அவருக்கு நல்லது. பத்துக் கிலோ குறைவாகத் தூக்க நேர்ந்தாலும் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

கைகளின் அகலத்தையும் கவனிக்க வேண்டும். குறுகப் பிடித்தால் முதுகு இறுகும் என்பது உண்மையே. ஆனால் மூட்டுத் தாங்காதவர் ஒவ்வொரு புறமும் ஓர் உள்ளங்கை அகலம் தள்ளிப் பிடித்துப் பார்க்கட்டும். வலி உடனே குறைவதைப் பலர் காண்பர். மணிக்கட்டு முன்கையோடு ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். கட்டைவிரலைத் தண்டுக்கு அடியில் சுற்றாமல் மற்ற விரல்களோடு மேலேயே வைத்தால் மணிக்கட்டு நேராவது எளிது. அவ்வாறு பிடிப்பவர் தண்டு முதுகில் உறுதியாக அமர்ந்திருப்பதை முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முழங்கை எங்கே நோக்க வேண்டும் என்பதில் பயிற்சியாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. பின்னோக்கி உயர்த்து என்பார் சிலர். தரையை நோக்கி வை என்பார் சிலர். வலியுள்ளவர் இரண்டாவதையே பின்பற்றுக என்பேன். முழங்கையை வலிந்து உயர்த்தினால் தண்டு கையின்மேல் ஏறிவிடுகிறது; அதைத்தானே தவிர்க்க முயல்கிறோம்?

காலின் பிழையும் கையைத் தாக்கும். குந்தும்போது குதிகால் தரையை விட்டு எழும்பினாலோ, எழும்போது இடுப்பு முந்திக்கொண்டு மேலே போய் மார்பு கவிழ்ந்தாலோ, தண்டு கழுத்தை நோக்கி உருளும்; கை ஓடிவந்து தடுக்கும். ஆகையால் பாதங்களைத் தோளகலத்திற்கு விரித்து, விரல்நுனிகளைச் சற்றே வெளியே திருப்பி, மூச்சை உள்வாங்கி வயிற்றை இறுக்கி, முழங்கால்கள் பாதவிரல்களின் திசையிலேயே செல்லுமாறு இறங்க வேண்டும். இடுப்பு மடிப்பு முழங்கால் மட்டத்திற்கு வந்தால் போதிய ஆழம். போட்டிக்குச் செல்வோர் அதனினும் சற்றுக் கீழே இறங்கியாக வேண்டும். எழும்போது மார்பும் இடுப்பும் ஒரே வேகத்தில் எழட்டும். இரத்த அழுத்தம் மிகுந்தவர்கள் மூச்சை அடக்கிப் பாரம் தூக்குதல் ஆகாது.

கொடைக்கானலில் பயிற்சி செய்வோர் குளிரையும் கணக்கில் கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் இரும்பைத் தொட்டாலே கை விறைக்கும். விறைத்த கை தன்னையறியாமல் இறுகப் பிடிக்கும். குளிர்ந்த தோளோ திரும்ப மறுக்கும். எனவே பத்து நிமிடமாவது வேகமாக நடந்து, உடல் சூடேறிய பின்னரே தண்டை அணுக வேண்டும். பிறகு ஒரு நீண்ட கம்பையோ, துண்டையோ இரு கைகளாலும் அகலப் பிடித்து, முழங்கை மடங்காமல் தலைக்கு மேலாக முன்னும் பின்னும் பத்து முறை கொண்டு செல்லலாம். கதவு நிலையில் முன்கையை ஊன்றி மார்பை முன்னே தள்ளி அரை நிமிடம் நிற்கலாம். இவ்விரண்டும் நாள்தோறும் செய்தால் சில வாரங்களில் தோள் இளகும். அதன்பின் வெறுந்தண்டோடு இருமுறை செய்துவிட்டே பாரம் ஏற்ற வேண்டும். நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சமவெளியிலிருந்து புதிதாக வந்தோர்க்கு முதற்சில நாள் மூச்சு இரைக்கும். அவ்வூரிலேயே வாழ்வோர்க்கு அத்தொல்லை இல்லை.

தகப்பனாருக்கும் ஒரு சொல். உங்கள் மகனுடைய முழங்கையை இரும்பு மட்டும் வருத்தவில்லை. மண்வெட்டி பிடிப்பதும், காரட்டைப் பிடுங்குவதும், மூட்டையைக் காது பிடித்துத் தூக்குவதும் அதே தசைநாணைத்தான் இழுக்கின்றன. பகலெல்லாம் தோட்டத்தில் உழைத்த கை மாலையில் கூடத்திலும் ஓய்வு காணவில்லை. ஆகையால் தந்தை சொல்வதில் பாதி உண்மை உண்டு. மகன் சொல்வதிலும் பாதி உண்டு. கைக்கு ஓய்வு தேவை, காலுக்குத் தேவையில்லை. கம்பியில் தொங்கி ஏறுவதையும், கையை மடக்கிப் பாரம் தூக்குவதையும் சில வாரம் நிறுத்தட்டும். குந்தி எழும் பயிற்சியைத் தொடரலாம்: முதுகுப்பை ஒன்றில் மணலை நிரப்பி வாரை இரு தோளிலும் மாட்டிக்கொண்டு மெதுவாக, ஆழமாகக் குந்தி எழட்டும். கை விடுபட்டிருக்கும், தொடை தன் வலுவை இழக்காது. அறுவடை நாள்களில் மண்வெட்டியின் பிடியில் துணி சுற்றிச் சற்றுப் பருமனாக்கிக்கொண்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவை குறையும். மூட்டை தூக்கும் வேலையை இவ்வாண்டு வேறொருவர் ஏற்கட்டும்.

தசைநாண் மெல்லவே ஆறும். அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. பொதுவாக ஆறு வாரம் முதல் சில மாதம்வரை ஆகலாம். முற்றிலும் அசையாமல் வைத்திருந்தால் அது மேலும் வலுவிழக்கும். ஆதலின் அளவான வேலை கொடுத்தே ஆற்ற வேண்டும். முன்கையை மேசைமேல் கிடத்தி, உள்ளங்கை மேல்நோக்க, ஒரு கிலோ எடையைக் கையில் ஏந்தி, மணிக்கட்டை மிக மெதுவாகக் கீழிறக்கி, மறுகையின் துணையால் மேலேற்றுக. பதினைந்து முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சிறு வலி இருக்கலாம். அது மறுநாள் காலையில் கூடாமலிருந்தால் அளவு சரி. எண்ணெயிட்டு அழுத்தி உருவுவதும், சொடக்கெடுப்பதும் நம் ஊர்களில் வழக்கம். இளஞ்சூட்டில் மென்மையாகத் தடவுவது இதம் தரும். நைந்த நாணைப் பலங்கொண்டு அழுத்துவதில் நன்மையில்லை. ஊசி போட்டுக்கொள்ளலாமா எனச் சிலர் கேட்பர். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும். ஆனால் முழங்கையின் வெளிப்புற வலிக்கு அதனைப் போட்டுக்கொண்டவர்களில் பலர், ஓராண்டு கழித்துப் பார்க்கையில், போடாதவர்களைவிடப் பின்தங்கியிருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே போட்டிக்காக அவசரப்பட்டு ஊசியை நாடுதல் தகாது. வலிமாத்திரையை விழுங்கிவிட்டுப் பாரம் தூக்குவது அதனினும் தவறு.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்து பொருள்கள் நழுவினாலோ, மூட்டு வீங்கிச் சிவந்தாலோ, கையை முழுதும் நீட்ட முடியாமற் போனாலோ மருத்துவரைக் காணத் தாமதிக்க வேண்டாம். கழுத்திலிருந்து வரும் நரம்பு வலியும் முழங்கையில் தெரிவதுண்டு. வயதானவர்க்கு நெஞ்சு இறுக்கத்தோடும் வியர்வையோடும் இடக்கையில் வலி பரவினால் அது முழங்கைத் தொல்லையன்று. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இப்பயிற்சி பெண்பிள்ளைகளுக்கு ஆகுமா என்ற கேள்வியும் இடையிடையே வருகிறது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேசுவரியும், டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் வெள்ளி வென்ற மீராபாய் சானுவும் அதற்கு விடை. மணிப்பூர் மலைக் கிராமத்தில் சிறுமியாக இருந்தபோது, அண்ணனால் தூக்க முடியாத விறகுக்கட்டைத் தூக்கி வந்தவர் சானு என்பர். பெண்களுக்கான தண்டு 15 கிலோ; ஆண்களுக்கானது 20 கிலோ. மற்ற விதிகள் எல்லாம் ஒன்றே.

வலி அடங்கியபின் தண்டுக்குத் திரும்பும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் வெறுந்தண்டு மட்டும். பிறகு வாரத்திற்கு 5 கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டாம். தண்டைத் தாங்கும் கொக்கிகள் நெஞ்செலும்பின் உயரத்தில் இருக்கட்டும். எக்கி எடுக்க நேர்ந்தால் தொடக்கத்திலேயே தண்டு கைக்கு வந்துவிடும். கீழே இருபுறமும் தடுப்புக் கம்பிகள் இல்லாத இடத்தில் தனியே பாரம் ஏற்ற வேண்டாம். மாதம் ஒருமுறை, தண்டின் உயரத்தில் பின்புறமும் பக்கவாட்டிலும் நின்று வேறொருவர் கைப்பேசியில் படம்பிடிக்கட்டும். அந்த வேலையைத் தகப்பனாரே செய்யலாம். மணிக்கட்டு மடிகிறதா, தண்டு சரிகிறதா, ஒரு கை மற்றதைவிட உள்ளே நகர்ந்துள்ளதா என்று இருவருமாக அமர்ந்து பாருங்கள்; மூட்டை சுமந்து பழகிய கண்ணுக்கு அது உடனே தெரியும்.